அமலராணி டீச்சர் எழுதிக் கொடுத்த கவர்

கிழக்குத் தாம்பரத்தில் அந்தத் தெருவில் யாருக்குத் தலை வலித்தாலும் முதலில் தட்டுகிற கதவு அமலராணி டீச்சருடையது. முக்கில் மருந்துக்கடை இல்லாமல் இல்லை. ஆனால் கடைக்காரர் மாத்திரையைக் கையில் போட்டு அனுப்பிவிடுவார். டீச்சர் அப்படி அல்ல. உட்காரவைத்து, எப்போதிலிருந்து வலிக்கிறது, ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று விசாரித்து, மாத்திரையைக் கவரில் போட்டு, மேலே எழுதிக் கொடுப்பார். நம் ஜனங்களுக்கு நாலு கேள்வி கேட்டாலே பாதி நோய் போய்விடும்.

அவர் டாக்டரும் அல்ல, நர்ஸும் அல்ல. ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவர். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். கண்டிப்பும் அப்படித்தான். பரீட்சைத் தாளில் பேர் எழுத மறந்த பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் கட்டாயம் போய்விடும். முதல் ரேங்க் வாங்குகிற பிள்ளையாக இருந்தாலும் சரி, தலைமை ஆசிரியரின் மகனாக இருந்தாலும் சரி. 'மருத்துவர் ஆலோசனையின்றி மருந்து உண்ணலாகாது, ஏன்?' என்று இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்றை வருஷந்தோறும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவரும் அவர்தான். அந்தப் பாடம் பிள்ளைகளுக்கு. தனக்கும் அது பொருந்தும் என்று டீச்சருக்குத் தோன்றியதே இல்லை.

மாத்திரை வேலை அவருக்கு மாதா கோயிலிலிருந்து வந்தது. அங்கே பெண்கள் குழு ஒன்று உண்டு. கோயில் வாசலில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். வீட்டில் மீந்துபோன மருந்து மாத்திரைகளை யார் வேண்டுமானாலும் அதில் போடலாம். ஆபரேஷன் முடிந்து மிஞ்சியது, டாக்டர் மாற்றிக் கொடுத்ததால் நின்றுபோனது, இறந்துபோனவரின் தலைமாட்டில் கிடந்தது, எல்லாம் வந்து சேரும். மாதத்தின் முதல் சனிக்கிழமை டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அதைக் கொட்டிப் பிரிப்பார்கள். தேதி முடிந்தது குப்பைக்கு. மற்றதில் அட்டைப்பெட்டியையும் உள்ளே மடித்திருக்கும் காகிதத்தையும் இடத்தை அடைக்கிறது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். மாத்திரைப் பட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டும் நாலுமாக நறுக்கி, பழைய விடைத்தாள்களை மடித்து ஒட்டிய கவர்களில் போட்டு, காய்ச்சல், வலி, சளி, வயிறு என்று டீச்சர் எழுதி, அந்தந்த டப்பாவில் போட்டுவைப்பார். சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் மட்டும் சீட்டு காட்டினால்தான் கொடுப்பார். இந்தக் கண்டிப்பில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு.

அந்த 'வயிறு' டப்பாவில்தான் போன ஜனவரியில் டீச்சரின் சொந்த மாத்திரையும் போய்ச் சேர்ந்தது. முழங்கால் வலிக்கு அவர் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். அது வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க, கூடவே சாப்பாட்டோடு போடச் சொல்லி ஒரு சின்ன வெள்ளை மாத்திரையையும் கிளினிக்கில் எழுதிக் கொடுத்தார்கள். மிசோப்ரோஸ்டால் என்று பேர். போட்ட மூன்றாம் நாளே வயிற்றால் போக ஆரம்பித்ததில் அதை நிறுத்தி வேறு மாற்றினார்கள். முக்கால் பட்டை அப்படியே இருந்தது. ஒரு பருக்கையைக் கூட இலையில் மீதம் வைக்காமல் வளர்ந்தவருக்கு அதை எறிய மனம் வருமா? நறுக்கி டப்பாவில் போட்டார்.

நிஷா வெள்ளிக்கிழமைதோறும் வருகிறவள். கோவளத்திலிருந்து அன்னக்கூடையில் மீனை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து அந்தத் தெருவில் விற்பாள். முன்பெல்லாம் அவள் மாமியார் முத்தாலம்மாள்தான் வந்துகொண்டிருந்தாள். இருபது வருஷப் பழக்கம். முழங்கால் போனபிறகு மருமகளை அனுப்பினாள். கல்யாணமாகி நாலு வருஷமாகியும் நிஷாவுக்குப் பிள்ளை இல்லை என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தின் முதல் வெள்ளியில் அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு, நாள் தள்ளிப்போயிருப்பதாக டீச்சரிடம்தான் முதலில் சொன்னாள். டீச்சருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வேண்டுதல் சீட்டில் நிஷாவின் பேரை எழுதிப் போட்டார்.

அடுத்த வாரம் அவள் நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தாள்.

"இன்னா சாப்ட்டாலும் எரியுது டீச்சர். புளிச்ச ஏப்பமா வந்துகினே கீது. ராவெல்லாம் தூக்கமே இல்ல."

டீச்சர் ரொம்ப ஜாக்கிரதையாகத்தான் நடந்துகொண்டார். மாசமாக இருக்கிற பெண், வலி மாத்திரை ஆகாது, ஆன்டிபயாட்டிக் ஆகாது என்று ஒவ்வொன்றாக ஒதுக்கினார். 'வயிறு' டப்பாவைத் துழாவியபோது தன்னுடைய மாத்திரை கையில் வந்தது. தெரிந்த மாத்திரை. டாக்டர் தனக்கே எழுதிக் கொடுத்தது. வயிற்றைக் காக்கிற மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு என்ன செய்துவிடும்? ஆறை எண்ணிக் கவரில் போட்டு, 'நிஷா. வயிற்று எரிச்சல். காலை 1, இரவு 1. சாப்பிட்ட பின்' என்று எழுதிக் கொடுத்தார். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இடுப்பில் செருகினாள்.

அடுத்த வெள்ளி அவள் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. வீட்டில் உட்கார்த்திவைத்திருப்பார்கள், நல்லதுதான் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். மீனைக் கடையில் வாங்கினார். ஈஸ்டரும் வந்து போயிற்று.

ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை, முழங்கால் மறுபடி படுத்த, கிளினிக்குக்குப் போனார். சூர்யநாராயணன் என்று புது டாக்டர் உட்கார்ந்திருந்தார். பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்த மாத்திரை ஒத்துக்கலையாம்மா?"

"வயித்தால போச்சு டாக்டர். அதான் மாத்திக் குடுத்தாங்க."

"சிலருக்கு அப்படி ஆகும். வலி மாத்திரையை நாள்கணக்கா சாப்பிடறவங்களுக்கு வயித்துல புண் வராம தடுக்கறதுக்குன்னே உள்ள மருந்து. நல்ல மருந்துதான்." டாக்டர் புதுச் சீட்டில் எழுத ஆரம்பித்தார். "மீதி இருந்தா வீட்ல வெச்சுக்காதீங்க. மாசமா இருக்கறவங்க யாராவது இருக்காங்களா வீட்ல?"

"வீட்ல இல்ல. ஏன் டாக்டர்?"

"இல்லைன்னா பரவாயில்ல. அது கர்ப்பப்பையையும் சுருங்க வைக்கும். கரு கலைஞ்சிடும். தப்பித் தங்கினாலும் குழந்தைக்குக் குறை வரலாம். அதான் கேட்டேன்."

எழுதிக்கொண்டே சொன்னார். தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று சொல்கிற அதே குரலில் சொன்னார்.

டீச்சருக்கு முதலில் ஒன்றுமே ஓடவில்லை. டாக்டரின் பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சமா சாப்பிட்டா? ஒரு அஞ்சு ஆறு?"

டாக்டர் நிமிர்ந்தார். "ஒண்ணுகூடக் கூடாதும்மா. அட்டைப்பெட்டியிலேயே எச்சரிக்கை போட்டிருப்பாங்களே. யாருக்காவது குடுத்தீங்களா?"

அட்டைப்பெட்டி. இடத்தை அடைக்கிறது என்று கிழித்துப் போட்ட அட்டைப்பெட்டி. டீச்சர் எழுந்துவிட்டார். டாக்டர் பின்னாலிருந்து, "அம்மா, அப்படி யாராவது சாப்பிட்டிருந்தா உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சத்தமாகச் சொன்னது வாசல்வரை கேட்டது. சீட்டை வாங்கவே இல்லை. முழங்கால் வலி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தார். மிச்சமிருந்த துண்டு ஒன்று கிடைத்தது. இரண்டு மாத்திரை. பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். சிவப்பு எழுத்தில் ஏதோ எச்சரிக்கை ஆரம்பித்திருந்தது. முதல் வார்த்தையோடு அவருடைய கத்தரிக்கோல் அதை வெட்டியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நிஷாவின் நம்பருக்குப் போன் போட்டார். அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்று மூன்று முறையும் அதே பதில்.

கணவர் லாசரஸ் பேப்பரை மடித்துவைத்துவிட்டு வந்து முழுவதையும் கேட்டார். ரயில்வேயில் கார்டாக இருந்தவர். எதையும் பச்சையா சிவப்பா என்று பார்த்தே பழகியவர்.

"நீ ஒண்ணும் வேணும்னு குடுக்கல. அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருப்பா. போய் நீயே பீதியைக் கிளப்பாத."

"ஏங்க, ஆறு வாரமா அவ வரலையே."

"அப்படியே ஏதாவது ஆயிருந்தா? நீ போய் நான்தான் குடுத்தேன்னு சொல்லுவ. அவங்க சும்மா இருப்பாங்களா? போலீஸ், கேஸ்னு போகும். கோயில் பேரு, குழு பேரு எல்லாம் நாறும். நீ சொல்லலைன்னா யாருக்குத் தெரியப்போகுது, சொல்லு?"

அது உண்மைதான். அந்த உண்மைதான் டீச்சரை இன்னும் பயமுறுத்தியது. யாருக்கும் தெரியாது. மேஜைமேல் கிடக்கும் இந்த இரண்டு மாத்திரையைக் குப்பையில் போட்டால் முடிந்தது. ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், அவர் அதை நினைத்தும் பார்த்தார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார்.

வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போகிற பஸ். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போயிற்று. ஜெபமாலையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், ஆனால் ஒரு மணிகூட நகரவில்லை. அவள் அதைச் சாப்பிட்டிருக்கக் கூடாது, மறந்துபோயிருக்க வேண்டும், வழியில் தொலைத்திருக்க வேண்டும் என்பதையே மாதாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு வாரத்துக்கு முன்னால் நடந்துவிட்டதை மாற்றச் சொல்லி இப்போது கெஞ்சுவது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தும் கெஞ்சினார்.

கோவளத்தில் இறங்கி முத்தாலம்மாள் வீடு எது என்று கேட்டபோது மீன் ஏலம் முடிந்து பெண்கள் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வழி காட்டினாள். முத்தாலம்மாள் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அய்ய, டீச்சரம்மாவா! இம்மாம் தொலவு இன்னாத்துக்கு வந்தீங்க? ஒரு போன் போட்டா நானே வந்திருக்க மாட்டேனா?"

"நிஷா எங்க முத்தாலம்மா?"

கிழவியின் முகம் சுருங்கியது. "உள்ளதான் கீறா. உங்களுக்குத் தெரியாதா? பேஜாராப் போச்சு டீச்சரம்மா. கலைஞ்சிட்ச்சு."

டீச்சர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். பஸ் முழுக்க இதற்குத் தயாராகித்தான் வந்தார். அந்த வார்த்தைக்கு மட்டும் தயாராகியிருக்கவில்லை.

"நீங்க பூசையில பேரு சொல்லி வேண்டிகினீங்க, மாத்திரையும் எழுதிக் குட்த்தீங்க. நீங்க பண்ண வேண்டியத எல்லாம் பண்ணீங்க டீச்சரம்மா. இவதான் கேக்கல. கூடைய தூக்காதடி, தூக்காதடின்னு தலபாடா அட்ச்சிகினேன். தூக்கி பஸ்ல ஏத்தி, எல்லாத்தையும் கொட்டிட்டு வந்துட்டா."

நீங்க பண்ண வேண்டியத எல்லாம் பண்ணீங்க. அறைந்திருந்தால் தாங்கியிருக்கலாம். டீச்சரால் இதைத் தாங்க முடியவில்லை.

உள்ளே நிஷா பாயில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழ முயன்றாள். டீச்சர் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் குடுத்த மாத்திரைய சாப்பிட்டியா நிஷா?"

"ரெண்டு நாள் சாப்ட்டேன் டீச்சர். எரிச்சல் கொஞ்சம் அடங்குச்சு. அப்புறம் வயித்தால போச்சு, அடிவயிறு இழுத்துச்சு. மூணாம் நாள் காலையில மீதிய போட்டேன். சாயங்காலம் ரத்தமா..." அவள் நிறுத்தினாள். வெளியே ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஆஸ்பத்திரியில நர்ஸம்மா கேட்டாங்க, கலைக்க ஏதாச்சும் மாத்திர போட்டியான்னு. இல்லன்னு எங்கம்மா மேல சத்தியம் பண்ணேன் டீச்சர். எங்க வூட்டுக்காரரு வெளியில நின்னு கேட்டுகினு இருந்தாரு. அன்னிக்கிலேர்ந்து எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. போட்ல கடலுக்குப் போறாரு, வராரு, துன்னுட்டுப் படுத்துக்குறாரு. அத்தைக்கு நான் கூடைய தூக்குனேன்னு கோவம். அவருக்கு என் மேலயே சந்தேகம்."

"நான் குடுத்ததை நர்ஸ்கிட்ட சொல்லலையா நீ?"

நிஷா அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். "அது வயித்து எரிச்சலுக்குத்தானே டீச்சர்? நீங்கதான் எழுதியே குட்த்தீங்களே."

லாசரஸ் சொன்னது ஒரு கணம் நினைவுக்கு வந்தது. நீ சொல்லலைன்னா யாருக்குத் தெரியப்போகுது. யாருக்கும் தெரியாதுதான். தெரியாதவரைக்கும் இந்தப் பெண் சுவரோரம் உட்கார்ந்தே இருப்பாள்.

"முத்தாலம்மா, நீயும் உள்ள வா" என்று கூப்பிட்டார். கிழவி வந்து வாசற்படியில் நின்றாள்.

சொன்னார். முப்பத்தொரு வருஷம் பாடம் நடத்திய வாய், நாலு வாக்கியம் சொல்வதற்குள் மூன்று முறை நின்றது. அது வலி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வயிறு புண்ணாகாமல் இருக்கக் கொடுக்கிற மருந்து. மாசமாக இருப்பவர்கள் தொடவே கூடாத மருந்து. கருவைக் கலைக்கிற மருந்து. "அதனாலதான் ஆச்சுன்னு நூத்துக்கு நூறு யாராலும் சொல்ல முடியாது. ஆனா அதனால ஆகும்னு டாக்டர் இன்னைக்குக் காலையில சொன்னாரு. பெட்டியில எழுதியிருந்தது. அந்தப் பெட்டிய நான்தான் கிழிச்சுப் போட்டேன். படிக்காம குடுத்தேன். நீ கூடை தூக்கினதால இல்ல நிஷா. நான் குடுத்ததால."

முத்தாலம்மாள் வாய் திறந்தபடி நின்றாள். கையிலிருந்த வலைத்துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

"ஆறு வாரமா," என்றாள் கடைசியில், "ஆறு வாரமா இந்தப் பொண்ண நான் திட்டாத திட்டு இல்லையே." பிறகு டீச்சரைப் பார்த்தாள். இருபது வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. "நாலு வருசம் டீச்சரம்மா. நாலு வருசமா காத்துகினு இருந்தோம்." அவ்வளவுதான் சொன்னாள். திரும்பி வாசலுக்குப் போய் அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

நிஷா கத்துவாள், அழுவாள், வெளியே போ என்பாள் என்று டீச்சர் காத்திருந்தார். அதற்காகவே வந்ததுபோல இருந்தார். ஆனால் நிஷாவின் முகத்தில் வேறு ஏதோ மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அது என்னவென்று டீச்சருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. நிம்மதி.

"அப்போ நான் ஒண்ணும் பண்ணலையா டீச்சர்?"

"இல்லம்மா. நீ ஒண்ணுமே பண்ணல."

நிஷா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். டீச்சர் தொடக் கையை நீட்டினார். தொட உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாத்தையும் சொல்லுவோம். நானும் வரேன். உன் உடம்பு சரியாயிடுச்சான்னு அவங்க பாக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து நிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மாதா படத்தையும் முருகன் படத்தையும் சேர்த்து மாட்டியிருந்த ஆணிக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்துவந்தாள். அந்தக் கவர். காலியாக, நாலாக மடித்து, பத்திரமாக இருந்தது.

"அவரு சாயங்காலம் கரைக்கு வருவாரு. நான் சொன்னா நம்ப மாட்டாரு. இப்ப சொன்னத இதுல எழுதிக் குடுங்க டீச்சர்."

"எழுதவா?"

"உங்க எழுத்துன்னா நம்புவாரு."

எழுதிக் கொடுத்தால் அது ஒரு வாக்குமூலம். யார் கைக்கு வேண்டுமானாலும் போகும். ஸ்டேஷனுக்கும் போகும், கோயிலுக்கும் போகும். டீச்சர் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கவரின் ஒட்டைப் பிரித்தார். உள்பக்கம் யாரோ ஒரு பிள்ளையின் விடை, அவருடைய சிவப்புச் சரிக்குறியோடு. கீழே பாதி வெற்றாக இருந்தது.

'இந்தக் கவரில் இருந்த ஆறு மாத்திரைகளை வயிற்று எரிச்சலுக்கு என்று சொல்லி நிஷாவுக்கு நான் கொடுத்தேன். அவை கருவைக் கலைக்கக் கூடியவை. இது நிஷாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.'

கடைசி இரண்டு வார்த்தைகளைப் பார்த்தார். அடித்தார். மேலே எழுதினார்: 'தெரிந்துகொள்ளாமல் கொடுத்தது என் தவறு. அவள்மேல் எந்தத் தவறும் இல்லை.'

வாழ்நாளில் இவ்வளவு கோணலாக அவர் எழுதியதில்லை. நிஷா வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுப் படித்தாள். வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த முத்தாலம்மாளுக்கும் கேட்கிற மாதிரி படித்தாள். கடைசிவரை படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"பேரு போடல டீச்சர்."

அமலராணி டீச்சர் தாளை வாங்கிக்கொண்டார். பிறகு தன் பேரை முழுதாக எழுதி, கீழே தேதியையும் போட்டுக் கொடுத்தார்.